தம்பி ஒத்துக்கொண்ட வருஷம்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் வாயால் சொல்ல, கீழ்வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது. முழங்காலும் காதும் நீங்கலாக இங்கே எல்லாம் சுகம். உன் தலைசுற்றல் தேவலையா?

நீ கேட்ட வருஷத்தைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த குளிர்கிடங்கில் மூன்றாம் அறைக் கதவு உறைந்துபோய், உள்ளே மாட்டிய வெண்ணெய்ப் பெட்டிகளை எடுக்கச் சுவரை உடைத்தார்களே, அந்த வருஷம். ரயில் நிலையக் கடிகாரம் மூன்று மாதம் ஐந்தேகாலிலேயே நின்றது. பழைய பாலத்தின் நடுத்தூண் இறங்கி, எல்லோரும் படகில் வேலைக்குப் போனோம். ஊருக்கு முதல் இரட்டைமாடி பஸ் வந்ததும், நூலகத் திருப்பத்தில் அது விளக்குக் கம்பத்தில் மோதியதும் அதே வருஷம்தான். பஸ் மோதியது செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் வியாழக்கிழமை நீ சாவிக்கடை திறந்தாய். முதல் வாடிக்கை அந்த பஸ் டிரைவர். மோதின பதற்றத்தில் மனிதர் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார்.

வருஷத்தின் நம்பர் எனக்குத் தெரியாது. படிக்காதவனுக்கு மண்டைதான் நோட்டுப் புத்தகம், அதில் நம்பர் ஏறுவதில்லை, ஆட்கள்தான் ஏறுகிறார்கள். தையல்காரம்மா விரல் விட்டு எண்ணி நாற்பத்தாறு வருஷம் என்கிறாள். புதுப் போர்டில் "ஆரம்பம்" என்று போட அது போதும்.

போன் செய்யாதே. கம்ப்ரசர் சத்தத்தில் போன காது, நீ கத்தினாலும் எனக்குக் கொசு சத்தம்தான். எழுது. பாப்பாவை விசாரித்ததாகச் சொல். குளிரில் தலையை மூடிக்கொள்.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 2

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

வக்கீல் எழுதுவது. (சாவி வெட்டுகிறவனுக்கு வக்கீல் என்று பெயர் வைத்த புண்ணியம் உன்னுடையது. எதைச் சொன்னாலும் குறுக்கே வருகிறேனாம்.) நான் சுகம். உன் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொள்கிறாயா, இல்லை வாயாலேயே ஆற்றிக்கொள்கிறாயா?

உன் கடிதத்தில் மூன்று தப்பு. பஸ் மோதியது புதன்கிழமை. முதல் வாடிக்கை டிரைவர் இல்லை, கண்டக்டர். டிரைவர் கையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார், அவர் எப்படிக் கடைக்கு வருவார்? மூன்றாவது, நாற்பத்தாறு இல்லை, நாற்பத்தைந்து. போர்டு எழுதுகிறவரை நிறுத்தி வைத்திருக்கிறேன். பதில் வாதம் இருந்தால் அனுப்பு.

தலைசுற்றலுக்காகப் பாப்பா என்னை இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தாள். டாக்டர் சின்ன வயதுக்காரர், நல்லவர். "உங்க மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கு" என்றார்.

"எதை வச்சுச் சொல்றீங்க? போன வருஷம் வந்து அளந்து வச்சிருந்தீங்களா?" என்றேன். பாப்பா பின்னாலிருந்து சட்டையை இழுத்தாள். டாக்டர் சிரித்துவிட்டார். பிரஷருக்கு ஒரு மாத்திரை, ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை. தலைசுற்றல் நின்றுவிட்டது. சுருக்கம் அவருடைய கவலை, என்னுடையது இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

பிப்ரவரி 20

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பாப்பா வணக்கத்தோடு எழுதுவது. (நாற்பத்தேழு வயதில் நானே என்னைப் பாப்பா என்று எழுதுகிறேன், பாருங்கள்.) நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இந்தக் கடிதத்தை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அப்பா விளையாட்டாகச் சொல்லியிருப்பார். நான் ஸ்கேன் படத்தைப் பார்த்தேன். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே கறுப்பாக இடைவெளி. மூளையின் மடிப்புகளுக்கு நடுவே இருக்கிற பள்ளங்களும் அகன்றிருக்கின்றன. வயதானால் எல்லோருக்கும் கொஞ்சம் சுருங்குமாம். பல வருஷம் கவனிக்காத ரத்த அழுத்தம், நுண்ணிய ரத்தக்குழாய்களில் அடைப்பு, குடி, தலையில் பட்ட அடி, சில சத்துக்குறைவு, மூளைச் செல்களே ஒவ்வொன்றாக அழிகிற வியாதி, இப்படிக் காரணம் எதுவும் இருக்கலாமாம். அப்பாவுக்கு வயதும் பிரஷரும் என்று டாக்டர் நினைக்கிறார். சிலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு மறதி வரும், நடை மாறும், குணம் மாறும். போன செல் திரும்பி வராது என்றார்.

நான் வேலை செய்கிற கண்ணாடிக்கடைக்கு ஓர் அம்மா வருவார், அவர் கணவருக்கும் இதேதான். "மறுத்துப் பேசிடாதீங்க, பாவம், கலங்கிப் போயிடுவாங்க" என்றார். அப்பா உங்களோடுதான் அதிகம் வாதாடுகிறார். இனிமேல் அவர் எதைச் சொன்னாலும் சரி என்று எழுதிவிடுங்கள் பெரியப்பா. எனக்காக.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 14

அண்ணாவுக்கு,

வக்கீல் எழுதுவது. நான் நலம், ஆனால் உன்னைப் பற்றித்தான் கவலை. பிப்ரவரி கடைசியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று, இரண்டு கடிதம் வந்தது, இரண்டிலும் ஒரு சண்டை இல்லை. "நீ சொன்னதே சரி, கண்டக்டர்தான்." உனக்குக் காய்ச்சலா? வாதம் பண்ண ஆள் இல்லாவிட்டால் ஜெயித்தும் பிரயோசனம் இல்லை. போர்டுக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார்.

கடை நன்றாக ஓடுகிறது. நேற்று ஒருவர் பூட்டைக் கொண்டுவந்து, சாவி தொலைந்துவிட்டது என்றார். திறந்து கொடுத்தேன். சாவி அவர் மேல்பையிலேயே இருந்தது.

ஒரு விஷயம், உனக்குள் வைத்துக்கொள். போன வெள்ளிக்கிழமை ஷட்டரை வழக்கம்போல் பாதி தூக்கிவிட்டுக் குனிந்து நுழைந்தேன், விளிம்பு மண்டையில் நங்கென்று இடித்தது. ரத்தம் இல்லை. எலுமிச்சை அளவுக்குப் புடைத்து மூன்று நாளில் வடிந்துவிட்டது. பாப்பாவிடம் சொல்லாதே, கடையை மூடு என்று ஆரம்பிப்பாள்.

அடுத்த கடிதத்தில் ஒரு தப்பாவது செய்.

தம்பி

*

ஜூன் 11

அண்ணாவுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நினைக்கிறேன்.

போர்டு விஷயம் நீ சொன்னபடியே இருக்கட்டும். நீ சொன்னால் சரிதான். எனக்கு எழுத நிறைய இருந்தது. காலையில் தலை கனமாக இருக்கிறது. இடது செருப்பு கழன்று கழன்று போகிறது, புதிது வாங்க வேண்டும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். அவள் மூட்டுவலி தேவலையா. கடைக்கு ஒருத்தர் வந்தார். சாவி.

தம்பி

*

ஜூன் 25

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்.

அண்ணியும் சுகம். மூட்டுவலி குறைந்திருக்கிறது. உன்னை விசாரித்தாள். போர்டில் உனக்குப் பிடித்த வருஷத்தைப் போட்டுக்கொள், எல்லாம் சரிதான்.

செருப்பை நல்ல வாராக வாங்கு. வெயிலில் அலையாதே.

உன் அண்ணன்

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அப்பா மோசமாகிவிட்டார். பகலெல்லாம் தூங்குகிறார். காலை இழுத்து நடக்கிறார். போன வாரம் ஒரு வாடிக்கைக்காரருக்குச் சாவி வெட்ட உட்கார்ந்து, மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "இதை எப்படி ஆரம்பிக்கிறது?" என்று அவரிடமே கேட்டிருக்கிறார்.

ஜூன் கடைசியிலேயே, பெரியம்மா உயிரோடு இருப்பதுபோல் அவர் பேசியதும் நான் சந்தேகப்பட்டேன். "பெரியம்மா போயிட்டாங்கப்பா" என்றேன். உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினார். "படி. மூட்டுவலி குறைஞ்சிருக்காம். அண்ணனுக்கு மறக்குமா? உனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு" என்றார். நீங்கள் எனக்காக அப்படி எழுதினீர்களா, இல்லை நிஜமாகவேவா என்று எனக்குப் புரியவில்லை. பெரியப்பா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கும் ஏதாவது மறக்கிறதா? தையல்காரம்மாவைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு இனி வைத்தியம் இல்லை. பிப்ரவரி படத்திலேயே தெரிந்ததுதானே. சுருங்கியது விரியாது. நான் வேலைக்குப் போனால் வீட்டில் அவர் தனி. முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் முதல் தேதி கொண்டுபோய் விடுகிறேன். கடையை மூடிவிட்டேன். சாவி மெஷினை ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் போகும்வரை அப்பா அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

உங்கள் மகள்

*

ஆகஸ்ட் 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா சொல்லி எழுதுவது. முக்கியமானதை உன் கண்ணாடிக்கடைக்குத் தையல்காரம்மா போனிலேயே சொல்லிவிட்டாள். டாக்டர் கையில் கொடுக்க எழுத்தாகவும் இருக்கட்டும் என்று இந்த விரைவுத் தபால். நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

எனக்கு எதுவும் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் பெரியம்மா போய் ஆறு வருஷம், நாலு மாதம். நீ மறுக்காதே என்றாய், நான் மறுக்கவில்லை. ஜூன் கடிதத்துக்குப் பதில் சொன்னபோது தையல்காரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்தம்மா இல்லையே, ஐயா. சுகம்னு எப்படி எழுதச் சொல்றீங்க?"

"நீ எழுது."

"என் கையால பொய் வராது."

"என் வாயாலதானே வருது. நீ எழுதும்மா."

எழுதினாள். அன்றிலிருந்து என் சட்டைக்குப் பொத்தான் தைக்க மாட்டேன் என்கிறாள். நியாயம்தான்.

இப்போது கவனமாகக் கேள். உன் அப்பா எனக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்பேன், பிறகு அது என்னை விட்டுப் போகாது. பிப்ரவரிக் கடிதத்தில் அவன் என்னோடு சண்டை போட்டது மூன்று இடத்தில். கிழமையில் நான் சொன்னதுதான் சரி, கண்டக்டரில் அவன் சொன்னதுதான் சரி. வருஷம் இன்னும் தீரவில்லை. ஏப்ரல் பதினாலாம் தேதிக் கடிதத்தில் ஒரு பிசகு கிடையாது, என்னைக் கிண்டல் செய்து எழுதினான். ஜூன் பதினோராம் தேதிக் கடிதத்தில்தான் எல்லாம். உன் பெரியம்மாவைக் கேட்டான். செருப்பு கழல்கிறது என்றான், அதுவும் இடது கால் மட்டும். காலையில் தலை கனம் என்றான். வரிகளெல்லாம் கீழே சரிந்து போகின்றன என்று தையல்காரம்மா சொன்னாள். எல்லாவற்றையும் விட, "நீ சொன்னால் சரிதான்" என்று எழுதினான். எழுபத்து நாலு வருஷத்தில் என் தம்பி எனக்கு அப்படிச் சொன்னதில்லை. அப்போதே அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னேன். சுருக்கம்தான், என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

நீ நினைக்கிறாற்போல இது பிப்ரவரியிலிருந்து மெல்ல மெல்ல வந்தது இல்லை, பாப்பா. பிப்ரவரியில் இல்லை. ஏப்ரலில் இல்லை. இரண்டு மாதத்துக்குள் வந்திருக்கிறது.

இன்னொன்று. ஏப்ரல் பதினாலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கடை ஷட்டர் அவன் மண்டையில் இடித்திருக்கிறது. எலுமிச்சை அளவு புடைப்பு. உன்னிடம் சொல்லாதே என்றான், நான் சொல்லவில்லை. நீ மறுக்காதே என்றாய், மறுக்கவில்லை. இரண்டு பேர் பேச்சையும் கேட்ட நல்லவன், நடுவில் அவனைத்தான் தொலைத்துவிட்டேன்.

கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்தவன் ஒருத்தன் இருந்தான். எழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு, டீ குடிக்கப் போனான். ஒன்றரை மாதம் கழித்துத்தான் அவனுக்கு வாய் குழறியது. காரணம் எனக்குத் தெரியாது, நான் டாக்டர் இல்லை. ஆனால் உன் டாக்டர் பார்த்த படம் இடி விழுவதற்கு முந்தையது. புதுப் படம் எடுக்கச் சொல். நாளைக்கு இல்லை, இன்றைக்கே.

மெஷினை விற்காதே. என்னைத் திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு, காதுக்குப் பக்கத்தில்.

பெரியப்பா

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில், மடிமேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் அது சந்தோஷத்தில்.

போன் வந்த அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனேன். பதிவு செய்கிற இடத்தில் "பழைய கேஸ்தானே, அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். உங்கள் தேதிகளை ஒரு தாளில் எழுதி உள்ளே கொடுத்தனுப்பினேன். டாக்டர் அவரே வெளியே வந்துவிட்டார். நேராக ஸ்கேனுக்கு அனுப்பினார்.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருந்தது. வலது பக்கம், விரல் கனத்துக்கு. அதுதான் இடது காலை இழுத்திருக்கிறது. டாக்டர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். மூளை சுருங்கினால் ஓடு சுருங்காது, நடுவில் இடம் விழும். அந்த இடத்தைத் தாண்டிப் போகிற மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு விறைப்பாக நிற்கும். இளவயதுக்காரருக்கு ஒன்றும் செய்யாத இடி, இவர்களுக்கு ஒரு குழாயைக் கிழித்துவிடும். ரத்தம் ஒரேயடியாகப் பாயாது, வாரக்கணக்கில் கசியும், மூளையை மெல்ல அழுத்தும். ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையும் சேர்ந்துகொண்டது. ஆக, சுருக்கம் நிஜம்தான். ஆனால் அப்பாவை எடுத்துக்கொண்டு போனது சுருக்கம் இல்லை, அதற்குள் தேங்கியது.

ஓட்டில் இரண்டு துளை போட்டு வடித்தார்கள். பழைய என்ஜின் எண்ணெய் மாதிரி கறுப்பாக வந்ததாம். இரண்டாம் நாள் காலையில் நர்ஸ் வந்து, "இன்னிக்கு என்ன கிழமை, சொல்லுங்க தாத்தா" என்றார்.

அப்பா கண்ணைத் திறந்து, "காலண்டரை என் தலைமாட்டுல மாட்டிட்டு என்னைக் கேட்டா எப்படி? முதல்ல அதை இந்தப் பக்கம் மாத்துங்க. அப்புறம், நான் தாத்தா இல்லை, எனக்குப் பேரன் கிடையாது" என்றார்.

நான் வெளியே போய் அழுதேன். நர்ஸ் பயந்துபோய் என் பின்னால் வந்தார்.

டாக்டர் பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தார்: "படத்தைப் பார்க்காதீங்க, ஆளைப் பாருங்க. திடீர்னு மாறினா உடனே கூட்டிட்டு வாங்க." நான் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். தப்பு உங்களுடையது மட்டும் இல்லை, பெரியப்பா. பாதியை எனக்குக் கொடுங்கள்.

"தேதியெல்லாம் இவ்வளவு சுத்தமா யார் எழுதி வச்சது?" என்று டாக்டர் கேட்டார். எழுதத் தெரியாதவர் என்றேன். நம்பவில்லை.

முதியோர் இல்லத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொத்தான் தைத்துத் தரச் சொல்லித் தையல்காரம்மாவை நான் கெஞ்சியதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்

*

செப்டம்பர் 22

அண்ணா என்று சொல்லத் தகுதி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்கிற அண்ணாவுக்கு,

வக்கீல் எழுதுவது. நான் சுகம், நீ சுகமாக இருக்கக் கூடாது.

உன் கடிதங்களை எல்லாம் திரும்பப் படித்தேன். பிப்ரவரி கடைசியிலிருந்து நீ எழுதியது அத்தனையும் பொய். என்னை யார் என்று நினைத்தாய்? வயதான குழந்தை என்றா? தலையில் துளை போட்டது கூட எனக்கு வலிக்கவில்லை. கண் விழித்த பிறகு பாப்பாவிடம், "அண்ணிக்குச் சொல்லியாச்சா, பயந்துடப் போறாங்க" என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி என் சட்டையை மடிக்க ஆரம்பித்தாள். எனக்குத் தானாகவே ஞாபகம் வந்தது. அண்ணி எனக்கு இரண்டாவது தடவை செத்தாள், உன்னால்.

நீ மட்டும் ஜூனில், "அடே முட்டாள், அவள் போய் ஆறு வருஷம் ஆச்சு, உனக்கு என்னடா ஆயிற்று?" என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்த வரியைப் பாப்பாவிடம் காட்டிச் சண்டை போட்டிருப்பேன். அவளுக்கு அன்றைக்கே புரிந்திருக்கும். "தம்பி என்ன சொன்னாலும் மறுத்துவிடு" என்று உனக்கு நீயே எழுதி வைத்துக்கொள். ஓ, எழுதத் தெரியாதோ. மண்டையில் ஏற்றிக்கொள்.

டாக்டர் சொன்னதையும் கேள். சுருங்கியது சுருங்கியதுதான், ஆனால் அது தன்பாட்டுக்கு இருக்கட்டும் என்கிறார். பிரஷர் மாத்திரை தவறக் கூடாது, தினமும் நடக்க வேண்டும், குடி கூடாது, ஆட்களோடு பேச வேண்டும், தலையில் அடிபடக் கூடாது. அடுத்த படத்துக்குத் தேதி கொடுத்திருக்கிறார். ஷட்டருக்குப் பாப்பா மோட்டார் வைத்துவிட்டாள், பொத்தானை அழுத்தினால் முழுசாகத் தூக்குகிறது. நான் குனிகிற பாக்கியத்தையும் பறித்துவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து பாதி நாள் கடை. முதல் சாவி கொஞ்சம் பிசகியது, இரண்டாவது சரியாக வந்தது.

ஒரு கேள்விக்கு நேர் பதில் வேண்டும். என்னை மறுத்து எழுத உனக்கு அவ்வளவு பயமா?

தம்பி

*

அக்டோபர் 6

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் சொல்லி எழுதுவது. பொத்தான் எல்லாம் திரும்ப வந்துவிட்டது, நான் சுகம். நீ திட்டின கடிதத்தைத் தையல்காரம்மா மூன்று தடவை படித்தாள். இரண்டு தடவை நான் கேட்டேன், மூன்றாவது அவளாகவே படித்தாள்.

முதலில் மறுப்பு. நான் எழுதியது அத்தனையும் பொய் என்கிறாய். தப்பு. கண்டக்டர் விஷயத்தில் நீ சொன்னது நிஜமாகவே சரி. வெயிலில் அலையாதே என்றதும் நிஜம்.

அண்ணி விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். சுகமாக இருக்கிறாள் என்று சொன்னபோது, ஒரு நிமிஷம் எனக்கே நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பயமா என்று கேட்டாய். பயம்தான். நீ கலங்கிப் போவாய் என்று இல்லை. நான் மறுத்து, அதற்கு உன்னிடமிருந்து பதில் வாதம் வராமல் போனால் என்ன செய்வது என்று. மறுக்காமல் இருந்தால், நீ இன்னும் முழுசாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு இருக்கலாம் அல்லவா?

நேற்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். "உனக்கு ஞாபகம் பிசகிவிட்டது" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இந்த உலகத்தில் எத்தனை பேர் என்று. தையல்காரம்மா கணக்கில் வரமாட்டாள், அவளுக்கு என் நேர்மையில்தான் சந்தேகம், ஞாபகத்தில் இல்லை. அப்பா, கையில் இருப்பதை வீசிவிட்டுத்தான் தப்பு என்பார். அக்கா சிரித்துக்கொண்டே சொல்வாள், அதுதான் கூட வலிக்கும். கிடங்கு மேஸ்திரி ஒரே ஒரு தடவை சொன்னார், ஒரு பெட்டி வைத்த இடத்தைப் பற்றி: ஐந்தாம் அறை, கடைசி வரிசை. அவர் சொன்னதுதான் சரி, அவரிடம் நான் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. கம்ப்ரசர் ஓட்டின நெட்டையன் பந்தயம் கட்டிச் சொல்வான், கட்டித் தோற்பான். உன் அண்ணி சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் சொன்னாள்.

அப்பா போனது புதுப் பாலம் கட்டி முடித்த வருஷம். அக்கா அதற்குப் பின் பன்னிரண்டு வருஷம் இருந்தாள். மேஸ்திரி வேலையை விட்ட மறு மாதமே. நெட்டையன் போன குளிர்காலத்தில். அண்ணி போனது உனக்குத் தெரியும், இப்போது இரண்டு தடவை தெரியும்.

மிச்சம் உயிரோடு இருக்கிறவன் வக்கீல் ஒருத்தன்தான்.